யார் காலிலும் விழாத வணக்கம்

நம் மாவட்டத்துக் காலனி ஒன்றின் அம்பேத்கர் படிப்பகத்தில் ஞாயிறு மாலைதோறும் பிள்ளைகள் கூடுவார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், கல்லூரி மாணவர்கள், வேலை முடித்து வரும் இளைஞர்கள். அண்மையில் ஒரு ஞாயிறு, கைப்பேசியில் ஓடிய காணொலி ஒன்றை எல்லோரும் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தென் கொரியாவில் மலைக்காட்டுக்குள் ஒரு புத்தர் கோயில். விடியாத இருட்டு. ஆணும் பெண்ணுமாக முப்பது நாற்பது பேர் மண்டியிடுகிறார்கள். நெற்றியைத் தரையில் வைக்கிறார்கள். எழுந்து நின்று மறுபடியும் மண்டியிடுகிறார்கள். இப்படி 108 முறை.

இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர் கேட்டார்: "அண்ணா, யார் காலிலும் விழக் கூடாதுன்னுதானே நம்ம ஆளுங்க புத்தர்கிட்ட போனாங்க? அங்கேயும் விழணுமா?"

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. மூலையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த பெரியவர் மட்டும் தலை நிமிர்ந்து பார்த்தார். தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஊர்த்தெருவைக் கடந்த தலைமுறை அவருடையது. ஊர்ப் பஞ்சாயத்தில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நாம். அது பழைய கதையும் இல்லை. 2021 மே மாதம், ஊரடங்கு நேரத்தில் திருவிழா நடத்தியதாகச் சொல்லி, விழுப்புரம் மாவட்டத்தில் தலித் முதியவர்கள் மூன்று பேர் பஞ்சாயத்தார் காலில் விழ வைக்கப்பட்டார்கள். அந்தப் படத்தை நாடே பார்த்தது.

ஆகவே அந்த மாணவியின் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. பதில் தேட, அந்த மலைக்கோயிலில் என்னதான் நடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

கழுகு மலையின் பெயர்

தென் கொரியாவின் தென்கிழக்கில், பூசான் துறைமுக நகருக்கு வடக்கே யாங்சான் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மலையடிவாரக் காட்டுக்குள் இருப்பது தொங்தோசா கோயில். கொரிய மொழியில் 'சா' என்றால் கோயில். சில்லா அரசின் காலத்தில், கி.பி. 646-இல், ஜாஜாங் என்ற பிக்கு இதை நிறுவினார். அவர் சீனத்திலிருந்து கொண்டுவந்த புத்தரின் எலும்பு எச்சங்கள் இங்கே வைக்கப்பட்டுள்ளன என்பது மரபு. கொரியாவின் ஏழு மலை விகாரைகளை யுனெஸ்கோ 2018-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அந்த ஏழில் இதுவும் ஒன்று.

இந்தக் கோயில் இருக்கும் மலையின் பெயர் யோங்சுக். 'புனிதக் கழுகு மலை' என்று பொருள். அந்தப் பெயர் நம் நாட்டிலிருந்து போனது. பீகாரில் உள்ள ராஜகிருகத்தில், இன்றைய ராஜ்கீரில், கிருத்ரகூடம் என்று ஒரு குன்று இருக்கிறது. கழுகுக் குன்று என்று தமிழில் சொல்லலாம். புத்தர் தங்கிப் போதித்த இடம் அது. கடல் கடந்து வாழ்ந்த மக்கள் தங்கள் மலைக்கு அந்தக் குன்றின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். அதே ராஜகிருகத்துத் தெருவைப் பெருக்கிக்கொண்டிருந்த சுனிதர் என்ற மனிதரும் இந்தக் கட்டுரையில் வருவார்.

மலைக்குள் ஒடுக்கப்பட்டவர்கள்

கோயில் ஏன் மலைக்குள் இருக்கிறது? அமைதிக்காக என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. மலையில் கோயில் கட்டும் வழக்கம் கொரியாவில் பழைய காலத்திலிருந்தே உண்டு. அப்போது நகரங்களிலும் பெரிய புத்தர் கோயில்கள் இருந்தன. 1392-இல் ஜோசன் அரச மரபு ஆட்சிக்கு வந்ததும் நிலைமை மாறியது. கன்பூசிய நெறியை அரச நெறியாக ஏற்ற அந்த ஆட்சி, பௌத்தத்தை ஒடுக்கியது. நகரக் கோயில்கள் மூடப்பட்டன. நிலங்கள் பறிக்கப்பட்டன. மலைக்குள் இருந்தவை மட்டும் பிழைத்தன.

நம் வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இனிமேல்தான். ஜோசன் சமூகத்தில் மேலே யாங்பான் எனும் உயர்குடியினர், கீழே சோன்மின் எனும் 'இழிந்தோர்'. அடிமைகள், கசாப்புத் தொழில் செய்தவர்கள், கூத்தாடிகள் ஆகியோரோடு புத்த பிக்குகளும் அந்தக் கீழ்ப்பட்டியலில் வைக்கப்பட்டார்கள். தலைநகரின் கோட்டை வாசலுக்குள் பிக்குகள் நுழையத் தடை இருந்தது. அரசுக்குக் காகிதம் செய்து கொடுப்பது, கோட்டை கட்டுவது போன்ற கட்டாய வேலைகள் அவர்கள் தலையில் சுமத்தப்பட்டன. 1592-இல் ஜப்பான் படையெடுத்தபோது பிக்குகள் படை திரட்டி நாட்டுக்காகப் போரிட்டார்கள். அதற்குப் பிறகும் அந்த வாசல் அவர்களுக்குத் திறக்கவில்லை. தடை நீங்கியது 1895-இல்தான்.

தெரு மறுக்கப்பட்டவர்களின் வலி நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கோயிலின் வழிபாட்டு முறைகளும் அப்படி ஒதுக்கி வைக்கப்பட்டவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் காத்துவந்தவைதான்.

மூன்று வாசல்கள்

தொங்தோசாவுக்குப் பைன் மரங்களுக்கு நடுவே ஓடைக்கரையோரம் நடந்து போகலாம். வழிபாடு அந்த நடையிலேயே தொடங்கிவிடுகிறது. பேச்சைக் குறைத்து, மூச்சைக் கவனித்து, மெல்ல நடப்பது.

முதலில் வருவது 'ஒற்றைத்தூண் வாசல்'. தூண்கள் ஒன்றுக்கு மேல் இருந்தாலும் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே தூண் போலத் தெரியும். சிதறிக் கிடக்கும் மனதை ஒரே நோக்கில் நிறுத்து என்பது அதன் குறிப்பு. அடுத்து நான்கு திசைக் காவலர்களின் வாசல். மூன்றாவது 'இரண்டில்லாத வாசல்'. நான் வேறு, நீ வேறு; உயர்ந்தது, தாழ்ந்தது என்று பிரிக்கும் எண்ணத்தை அங்கே விட்டுவிட்டு உள்ளே போக வேண்டும்.

ஒவ்வொரு வாசலிலும் நின்று, கைகூப்பி, இடுப்பை வளைத்து ஒரு வணக்கம். அதன்பின் உள்ளே போகலாம். என்ன குலம், எந்த ஊர், யார் மகன் என்ற கேள்வி இல்லை. வேற்று மதத்தவரும் மதமே இல்லாதவரும் வரலாம். 2002-இல் உலகக் கோப்பைக் கால்பந்து கொரியாவில் நடந்தபோது, வெளிநாட்டவர் கோயில்களில் தங்கிப் பார்க்க ஒரு திட்டம் தொடங்கினார்கள். அது இன்றும் தொடர்கிறது. ஒரு கட்டணம் உண்டு. தங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரியான தளர்ந்த உடை தருவார்கள். அதை உடுத்திக்கொண்டால் முதலாளி யார், தொழிலாளி யார் என்று தெரியாது.

விடியற்காலை ஓசை

நாள் தொடங்குவது விடியற்காலை மூன்று, மூன்றரை மணிக்கு. ஒரு பிக்கு கையில் மரத்தால் குடைந்த சிறு கருவியைத் தட்டிக்கொண்டு, ஓதியபடி வளாகம் முழுக்கச் சுற்றி வருவார். அந்த ஓசை முதலில் தணிந்து கேட்கும். பிறகு மெல்ல உயரும். தூங்குகிற எந்த உயிரும் திடுக்கிட்டு எழக் கூடாது என்பதற்காக அப்படி.

பிறகு நான்கு கருவிகள் முழங்கும். பெரிய தோல்முரசு, தரையில் நடக்கும் உயிர்களுக்காக. மரத்தில் செய்து தொங்கவிட்ட மீன், நீரில் வாழும் உயிர்களுக்காக. மேக வடிவில் வார்த்த வெண்கலத் தகடு, வானில் பறக்கும் உயிர்களுக்காக. பெரிய மணி, நரகத்தில் துன்புறுவோர் உள்ளிட்ட எல்லா உயிர்களுக்காகவும். அன்றைய முதல் வேண்டுதல் சொற்கள் இல்லாமலே இப்படி முடிகிறது. 'எனக்குக் கொடு' என்பது அதில் இல்லை. 'எல்லாரும் துன்பம் நீங்கட்டும்' என்பதுதான் அதன் பொருள்.

இங்கே இன்னொன்றையும் கவனிப்போம். பறையும் தோல்முரசும் நம்மை இழிவுபடுத்தக் காரணமாகக் காட்டப்பட்ட கருவிகள். அடித்தவன் தீட்டு, அடிக்கப்பட்ட தோல் தீட்டு என்றார்கள். இந்த மலையில் கன்றோ மாடோ தந்த தோலில் கட்டிய முரசைப் பிக்குவே நின்று முழக்குகிறார். வழிபாடே அந்த ஒலியில்தான் விடிகிறது.

சிலை இல்லாத மண்டபம்

முரசும் மணியும் ஓய்ந்ததும் முதன்மை மண்டபத்தில் காலை வணக்கம். புதிதாக வருகிறவர்கள் வியந்து நிற்கும் இடம் இது. புத்தர் கோயிலின் முதன்மை மண்டபம், ஆனால் உள்ளே புத்தர் சிலை இல்லை. சிலை இருக்க வேண்டிய இடத்தில் அகலமான ஒரு சாளரம். அதன் வழியே பார்த்தால் வெளியே கல்லால் கட்டிய ஒரு மேடை. புத்தரின் எச்சங்கள் அதனுள் இருப்பதாக நம்புவதால் தனியே சிலை வைக்கவில்லை. 'வைர நெறி மேடை' என்று அதற்குப் பெயர். நெறிகளை ஏற்றுத் துறவு பூணும் சடங்கோடு சேர்ந்த இடம் அது.

கருவறை எது, அதன் வாசலைத் தாண்டலாமா, யார் தாண்டலாம் என்று நம் நாட்டில் நடந்த போராட்டங்கள் எத்தனை! நாசிக் காலாராம் கோயில் நுழைவுக்காக 1930-இல் பாபாசாகேப் அம்பேத்கர் தொடங்கிய போராட்டம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. அந்த நினைவோடு இந்த மண்டபத்தைப் பார்த்தால் மனம் ஒரு கணம் நிற்கிறது. எல்லோரும் ஒரே தரையில் அமர்ந்து, ஒரே சாளரத்தைப் பார்த்து வணங்குகிறார்கள்.

காலை வணக்கத்தில் புத்தர், தம்மம், சங்கம் என்ற மும்மணிகளையும், தம்மத்தைக் கைமாற்றித் தந்த ஆசிரியர்களையும் நினைத்து ஏழு முறை வணங்குகிறார்கள். பிறகு ஒரு சிறிய சூத்திரத்தைச் சேர்ந்து ஓதுகிறார்கள். கொரிய மொழி தெரியாதவர் வாய் மூடி நின்றால் போதும். குற்றமாக யாரும் நினைப்பதில்லை.

108 முறை மண்ணைத் தொடுதல்

மாணவியின் கேள்விக்குரிய இடத்துக்கு வந்துவிட்டோம்.

முறை இதுதான். மார்புக்கு நேரே கைகூப்பி நிற்க வேண்டும். முழங்கால்களை மடக்கி மண்டியிட்டு, கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றியைத் தரையில் வைக்க வேண்டும். இரண்டு முழங்கால், இரண்டு முழங்கை, நெற்றி என ஐந்து இடங்கள் மண்ணைத் தொடும். அந்த நிலையில் உள்ளங்கைகளை மேல்நோக்கித் திருப்பிக் காதளவு உயர்த்த வேண்டும். பிறகு எழுந்து நிற்க வேண்டும். சேர்ந்து செய்யும்போது மூங்கில் தட்டை ஒன்றால் தாளம் தட்டுவார்கள். கடைசி வணக்கத்தில் மட்டும், எழுவதற்கு முன் தலையைச் சற்று உயர்த்திக் கைகூப்பி, மீண்டும் ஒரு முறை நெற்றியைத் தரையில் வைப்பார்கள். எத்தனை முறை வணங்கியும் மனம் நிறையவில்லை என்பதைக் காட்ட அது.

108 என்ற எண்ணுக்கும் ஒரு கணக்குச் சொல்கிறார்கள். கண், காது, மூக்கு, நாக்கு, உடல், மனம் என வாயில்கள் ஆறு. ஒவ்வொன்றும் ஒரு பொருளைச் சந்திக்கும்போது 'பிடிக்கிறது', 'பிடிக்கவில்லை', 'இரண்டுமில்லை' என மூன்று எண்ணம். அதிலிருந்து இன்பம், துன்பம், இரண்டுமற்றது என மூன்று உணர்வு. ஆறு வாயிலுக்கும் ஆறு ஆறாக 36. இறந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் என மூன்றால் பெருக்கினால் 108. மனிதனை அலைக்கழிக்கும் 108 கலக்கங்கள் அவை. ஒரு வணக்கத்துக்கு ஒரு கலக்கத்தை நினைத்து இறக்கி வைக்க வேண்டும். சில இடங்களில் ஒவ்வொரு வணக்கத்துக்கும் ஒரு மணியை நூலில் கோக்கச் சொல்வார்கள். முடிவில் 108 மணி மாலை கையில் இருக்கும். அரைமணி நேர வேலை. வியர்த்துக் கொட்டும். முழங்கால் வலிக்கும். முடியாதவர்கள் நின்றபடியோ உட்கார்ந்தபடியோ கைகூப்பலாம்.

இந்த வணக்கத்தை வாங்கிக்கொள்ள எதிரே யாரும் நிற்பதில்லை. நம் ஊரில் விழுந்தவனுக்கு முன்னால் ஒரு கால் இருந்தது. அந்தக் காலுக்குரியவன் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். விழுந்தவன் எழ அவன் அனுமதி வேண்டும். விழுந்தவன் மானத்தை அங்கேயே விட்டுவிட்டு எழுந்தான். இந்த மண்டபத்தில் தலைமைப் பிக்குவும் மண்டியிடுகிறார், நேற்று வந்த மாணவரும் மண்டியிடுகிறார். யாரும் யாரையும் விழச் சொல்வதில்லை. எழுவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. குனியும்போது தன் செருக்கையும் கோபத்தையும் தானே பார்க்கிறான் மனிதன்.

பௌத்த நூல்களில் உபாலி என்ற முடிதிருத்துபவரின் செய்தி உண்டு. சாக்கிய குல இளவரசர்கள் சிலர் துறவு பூண வந்தபோது, அவர்களுக்குப் பணி செய்த உபாலியும் உடன் வந்தார். இளவரசர்கள் புத்தரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். உபாலிக்கு முதலில் துறவு தர வேண்டும். அப்போது அவர் எங்களுக்கு மூத்தவர் ஆவார். நாங்கள் அவரை வணங்குவோம். எங்கள் சாக்கியச் செருக்கு அழியும் என்றார்கள். அப்படியே நடந்தது. நேற்றுவரை அவர்கள் முன் குனிந்து நின்றவரை இளவரசர்கள் விழுந்து வணங்கினார்கள். சங்கத்தில் மூப்பு என்பது பிறப்பால் வருவதில்லை. துறவு பூண்ட நாளால் வருவது. பிறகு அந்த உபாலியே சங்கத்தின் ஒழுக்க விதிகளில் தேர்ந்தவராக விளங்கினார்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் நடந்ததையும் நினைவுகூர்வோம். எந்த அதிகாரத்தின் முன்னும் வளையாத அண்ணல் அம்பேத்கர், மும்மணிகளையும் ஐந்து நெறிகளையும் ஏற்றபின் புத்தர் சிலை முன் கைகூப்பி மூன்று முறை வணங்கி, வெண்தாமரை மலர்களை வைத்தார். பிறகு கூடியிருந்த லட்சக்கணக்கான மக்களுக்குத் தாமே 22 உறுதிமொழிகளைச் சொல்லித் தந்தார். மனிதர் அனைவரும் சமம் என்பதும் அவற்றில் ஒன்று. அன்று அவர் வணங்கியதில் அடிமைத்தனம் எங்கே இருந்தது?

இது என்ன?

வணக்கம் முடிந்ததும் அமர்தல். தடித்த விரிப்பில் கால் மடக்கி, முதுகை நேராக்கி, கண்களைப் பாதி மூடி உட்கார வேண்டும். மூங்கில் தட்டையை மூன்று முறை தட்டினால் தொடக்கம். மறுபடி மூன்று தட்டினால் முடிவு. புதியவர்களை மூச்சை எண்ணச் சொல்வார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை. நடுவில் எண்ணம் ஓடிவிட்டால் மறுபடி ஒன்றிலிருந்து.

கொரிய பிக்குகளின் தனிப் பயிற்சி, ஒரு கேள்வியை மனதில் பிடித்துக்கொண்டு அமர்வது. அவற்றில் பெயர் பெற்ற ஒன்று: 'இது என்ன?' பார்ப்பது எது, கேட்பது எது, கோபப்படுவது எது என்று விடாமல் கேட்பது. புத்தகப் பதில் ஏற்கப்படாது. கோடையில் மூன்று மாதம், குளிரில் மூன்று மாதம் வெளியே போகாமல் பிக்குகளும் பிக்குணிகளும் இந்தப் பயிற்சியில் இருப்பார்கள். புத்தர் காலத்து மழைக்கால ஒடுக்கத்தின் தொடர்ச்சி அது.

கேள்வி கேட்பதையே தியானமாக்கியிருப்பது நம் மாணவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி. 'சொன்னதைக் கேள், ஏன் என்று கேட்காதே' என்று வளர்க்கப்பட்ட பிள்ளைகள் நாம். 'நீ இன்ன சாதி' என்று ஊர் ஒரு பதிலைப் பிறந்தவுடன் நம் நெற்றியில் ஒட்டிவிடுகிறது. 'இது என்ன?' என்று அமைதியாக உட்கார்ந்து கேட்கும்போது, அந்த ஒட்டுத்தாளுக்குக் கீழே எதுவும் எழுதப்படவில்லை என்பது தெரியவரும்.

ஒரே சோறு

இந்தக் கோயில்களில் சாப்பாடும் வழிபாடுதான். இப்போது பல நாள்களில் தட்டில் எடுத்துப் போட்டுச் சாப்பிடும் முறை வந்துவிட்டது. பயிற்சிக் காலங்களில் பழைய முறை நடக்கிறது. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் நான்கு கிண்ணங்கள். சோற்றுக்கு ஒன்று, குழம்புக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று. எல்லோரும் வரிசையாகத் தரையில் அமர்வார்கள். தலைமைப் பிக்குவுக்கும் கடைக்குட்டிக்கும் ஒரே பானைச் சோறு. பேச்சு இல்லை.

உண்பதற்கு முன் ஐந்து எண்ணங்களை நினைப்பார்கள். இந்தச் சோறு எத்தனை பேர் உழைப்பில் வந்தது, இதை உண்ண எனக்குத் தகுதி உண்டா, என் பேராசையை அடக்கினேனா, இது உடலுக்கு மருந்து, நல்வழி நடக்கவே உண்கிறேன் என்ற வகையில் அவை செல்லும். நாற்று நட்டுக் களை பறித்து அறுத்துக் கொடுத்தும் ஊர்ப் பந்தியில் இடமில்லாதவர்கள் நாம். சோற்றைத் தொடுமுன் உழைத்தவரை நினைப்பது வழிபாடு என்று ஒரு மரபு சொல்வது நம்மைத் தொடாமல் இருக்குமா?

உண்டு முடித்ததும் ஒரு துண்டு ஊறிய முள்ளங்கியாலோ முட்டைக்கோசாலோ, கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கிண்ணங்களைத் தேய்த்து, அந்தத் துண்டைத் தின்று, அந்த நீரையும் குடிக்க வேண்டும். பிறகு சுத்த நீரால் கழுவ வேண்டும். ஒரு பருக்கை கூட மிஞ்சாது. அவரவர் எச்சிலை அவரவரே கழுவுகிறார்கள். எச்சில் எடுக்கத் தனியாக ஒரு சாதி இல்லை. உணவில் புலால் கிடையாது. ஆனால் வீட்டில் புலால் உண்பவர் தீட்டு என்று தள்ளி உட்கார வைப்பதும் கிடையாது.

விளக்குமாறும் வழிபாடே

சாப்பாடு முடிந்தால் கூட்டு வேலை. முற்றம் பெருக்குதல், தோட்டத்தில் களை பறித்தல், கழிப்பறை கழுவுதல். கழிப்பறைக்கு அங்கே 'கவலை தீர்க்கும் இடம்' என்று பெயர். அதைக் கழுவும் முறை வந்தால் பிக்குவும் கழுவுவார். உழைக்காத நாளில் உண்பதில்லை என்பது சீனத்துத் தியான குரு பாய்ஜாங் காலத்திலிருந்து வரும் நெறி.

இங்கேதான் சுனிதர் வருகிறார். ராஜகிருகத்துத் தெருவில் வாடிய பூக்களையும் குப்பையையும் அள்ளிப் பிழைத்தவர். உயர்ந்தோர் வந்தால் தலை குனிந்து ஒதுங்கியவர். ஒரு நாள் புத்தர் பிக்குகளோடு அந்த வழியே வந்தார். ஒதுங்க இடமின்றிச் சுவரோரம் நின்ற சுனிதரை 'வா, பிக்குவே' என்று அழைத்தார். அந்த அழைப்பே அவருக்குத் துறவு ஆயிற்று. ஞானம் பெற்ற மூத்த பிக்குகளின் பாடல் தொகுப்பான தேரகாதையில் சுனிதரின் பாடலும் இருக்கிறது. சுனிதரின் தெருவுக்கு மேலே நின்ற கழுகுக் குன்றின் பெயரைத்தான் கொரியர் தங்கள் மலைக்குச் சூட்டினார்கள். அங்கே எல்லோர் கையிலும் ஒரு விளக்குமாறு இருக்கிறது.

மறைக்கக் கூடாத ஒன்று

இவ்வளவு சொன்னபின் ஒரு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஜோசனுக்கு முந்தைய கொரியோ ஆட்சியில் புத்தர் கோயில்கள் செல்வாக்கோடு இருந்தன. அப்போது அவை பெரும் நிலங்களையும் அடிமைகளையும் வைத்திருந்தன. தம்மம் இருந்த இடத்திலேயே சமத்துவம் மறந்துபோன காலம் அது. கோயில் கதவைத் தாண்டியவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் நம்பிவிடக் கூடாது.

கொரியாவில் இழிவுபடுத்தப்பட்ட கசாப்புத் தொழிலாளர் சமூகம் பெக்ஜோங். பிறப்பால் வந்த தகுதிப் பிரிவினையை 1894-இல் சட்டம் ஒழித்தது. இழிவு ஒழியவில்லை. அவர்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள். 1923 ஏப்ரலில், தொங்தோசா இருக்கும் அதே தென் கியோங்சாங் மாகாணத்தின் ஜின்ஜு நகரில் அவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஹியோங்பியோங்சா என்று பெயர். இறைச்சி நிறுக்கும் தராசின் தண்டு சமமாக நிற்பதைக் குறிக்கும் சொல் அது. தங்களை இழிவுபடுத்தக் காரணமாகக் காட்டிய தொழிலின் கருவியையே சமத்துவத்தின் சின்னமாக்கினார்கள். நம் நாட்டில் மகாத் குளத்து நீரில் கை வைத்தது 1927-இல்.

தியானம் மட்டும் பள்ளிக் கதவைத் திறக்காது. அதற்குச் சங்கம் வேண்டும், சட்டம் வேண்டும், போராட்டம் வேண்டும். போராடுகிறவர் மனம் கசந்து நொறுங்காமல் இருக்க இந்தப் பயிற்சியும் வேண்டும். தம்மத்தையும் சங்கத்தையும் சேர்த்தே புத்தர் வைத்ததும், அம்பேத்கர் எடுத்துக்கொண்டதும் அதனால்தான்.

நம் படிப்பகத்தில்

கொரியா போக விமானச் சீட்டு வேண்டும். இந்தப் பயிற்சிகளுக்கு அது வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்குப் பௌத்தம் புதிதுமில்லை. பண்டிதர் அயோத்திதாசர் 1898-இல் இலங்கை சென்று ஐந்து நெறிகளை ஏற்றுத் திரும்பி, சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். கோலார் தங்கவயல் வரை அதன் கிளைகள் பரவின. சுரங்கத்தில் உழைத்த நம் மக்கள் அங்கே கூடிப் படித்தார்கள், பேசினார்கள், வணங்கினார்கள்.

நம் ஊரில் செய்யக்கூடியவை சில. படிப்பகத்துக்குள் நுழையும்போது ஒரு கணம் நின்று கைகூப்புங்கள். படிக்கத் தொடங்குமுன் பத்து மூச்சு எண்ணுங்கள். சேர்ந்து சாப்பிடும் நாளில் முதல் கவளத்துக்கு முன் நட்டவரையும் சமைத்தவரையும் நினையுங்கள். தட்டை அவரவரே கழுவுங்கள். வீட்டுப் பெண்களிடம் தள்ளிவிடாதீர்கள். படிப்பகத்தைப் பெருக்க முறை வைத்துக்கொள்ளுங்கள். அதில் தலைவர், செயலாளர் பெயரும் இருக்கட்டும். விருப்பமுள்ளவர்கள் வணங்கிப் பாருங்கள். 108 வேண்டாம், மூன்று போதும். விருப்பமில்லாதவரை யாரும் வற்புறுத்தக் கூடாது. வற்புறுத்தினால் அது பழைய பஞ்சாயத்துதான்.

அன்று மாலை, அந்த மாணவிக்கு நாங்கள் இவ்வளவும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னோம், உபாலியின் செய்தியைச் சொன்னோம். எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பெரியவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்போ அங்க யாரும் எதிர்ல உட்கார்ந்திருக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க தாத்தா. ஒரு ஜன்னல்தான் இருக்குமாம்," என்றார் மாணவி.

பெரியவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சுவரில் இருந்த புத்தர் படத்துக்கு முன் போய் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுக்காமலே கைகூப்பினார்.